உலகம்மாளைச் சுமக்கும் எஞ்சின்

பூதப்பாண்டிக்குத் தெற்கே வயலுக்கு நடுவில் இருந்த களத்துவீட்டில், உலகம்மாள் 1947ஆம் வருஷம் ஆடியில் சூல்கொண்டு 1956 ஐப்பசியில் பிள்ளை பெற்றாள். இடைப்பட்ட ஒன்பது வருஷமும் பிள்ளை அவள் வயிற்றிலேயேதான் இருந்தது. இதில் ஊருக்கு இருந்த ஒரே சந்தேகம், ஜாதகம் எழுதும்போது எந்த வருஷத்தைக் கணக்கில் கொள்வது என்பதுதான். ஏன் இவ்வளவு தாமதம் என்று வெளியூர்க்காரர்கள் யாராவது விசாரித்தால், வண்டி இன்னும் வரவில்லை என்று பதில் சொல்வார்கள். கேட்டவர்களும் அதற்குமேல் கேட்பதில்லை.

அவள் புருஷன் ஆறுமுகப்பெருமாள் யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் லாரி பழுதுபார்த்தவன். யுத்தம் முடிந்ததும் ஒரு கம்பளிக் கோட்டோடு ஊருக்குத் திரும்பி, இருந்த வயலைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். ரோட்டிலிருந்து அவன் வீட்டுக்கு வரக் கால்வாயை ஒட்டிய வரப்பு ஒன்றுதான் வழி. அதில் ஒரு ஆள் நடக்கலாம். எதிரே இன்னொரு ஆள் வந்தால், யார் சேற்றில் இறங்கி வழிவிடுவது என்பதை உறவுமுறை பார்த்துத் தீர்மானிப்பார்கள். அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் நாட்களில் மட்டும் மாட்டுவண்டி வீட்டு முற்றம்வரை வரும். மற்ற மாதங்களில் நெல்மூட்டையானாலும் மணப்பெண்ணானாலும் தலைச்சுமையாகவோ கால்நடையாகவோதான் வரவேண்டும்.

உலகம்மாளின் முதல் பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். மழைக்காலம். கட்டிலில் கிடத்தி நான்கு பேர் வரப்பின் இருபுறமும் முழங்கால் சேற்றில் இறங்கிச் சுமந்தார்கள். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் பிள்ளை போய்விட்டது. இரண்டாவது பிள்ளைக்கு முன்கூட்டியே நெய்யூரில் ஒரு தூரத்து உறவுக்காரர் வீட்டில் போய்க் காத்திருந்தாள். நாள் தள்ளிப்போயிற்று. இங்கே கன்னிப்பூ நெல் அறுப்பு தொடங்கிவிட்டது, ஆட்களுக்குச் சோறு பொங்க நாதியில்லை என்று அவளாகவே கிளம்பி வந்தாள். வந்த அன்றே வலி கண்டது. அதுவும் குறுக்கே கிடந்த பிள்ளை. அதே கட்டில், அதே வரப்பு. அதுவும் போயிற்று. இரண்டும் பெண்பிள்ளைகள்.

மூன்றாவதாக உண்டானபோது உலகம்மாள் அழவில்லை, எந்தக் கோயிலுக்கும் நேர்ந்துகொள்ளவும் இல்லை. உளுந்து புடைத்துக்கொண்டே சொன்னாள்: "இஞ்ச பாருங்கோ. இந்தப் பிள்ளைய நான் வழியில பெறமாட்டேன். வீட்டு நடையில ஏறி ஆஸ்பத்திரி நடையில இறங்கணும். அந்த வரப்புல ஓடுகதுக்கு ஒரு வண்டி உண்டாக்குங்கோ. வண்டி வந்த பொறவு நான் பெத்துக்கிடுகேன்."

ஆறுமுகப்பெருமாள் சரி என்றான். மனைவி சொல்வதை அவன் பொதுவாக மறுப்பதில்லை. மறுத்தால் அவள் இன்னொருமுறை அதே குரலில் அதையே சொல்வாள் என்பது அவனுக்குத் தெரியும்.

மாதம் பத்தானது, வலி வரவில்லை. பன்னிரண்டானபோது நெய்யூரிலிருந்து செசிலி என்ற நர்ஸ் வந்து பார்த்தாள். முன்பு இரண்டு தடவையும் உலகம்மாளின் தலைமாட்டில் நின்றவள் அவள்தான். மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தாள். பிள்ளை சுகமாக இருக்கிறது, குறுக்கேதான் கிடக்கிறது, கத்தி வைத்துத்தான் எடுக்க வேண்டும், ஆனால் அவசரம் ஒன்றும் தெரியவில்லை என்றாள். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, தன் விடுப்பில் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வருவதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள். வரும்போது ஒரு பொட்டலம் பனங்கற்கண்டு கொண்டுவருவாள். கேட்பாள், தலையாட்டுவாள், சாப்பிட்டுவிட்டுப் போவாள்.

வயிறு பெருக்கவில்லை. கனம்தான் ஏறியது. இரண்டாம் வருஷம் கட்டில்கால் சாணித்தரையில் இறங்கியது. தரையைப் பெயர்த்துக் கல் பாவினார்கள். மூன்றாம் வருஷம் பங்குனியில், வயல் காய்ந்திருக்கிறதே, இப்போதே கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடுவோம் என்று ஆறுமுகப்பெருமாள் மாட்டுவண்டியைப் பூட்டினான். உலகம்மாள் ஏறி உட்கார்ந்தாள். மாடுகள் இரண்டும் மரியாதையாக முன்னங்காலை மடக்கி மண்டியிட்டன. அடிக்கவேண்டாம் என்று அவளே இறங்கிக்கொண்டாள். நாகர்கோவிலிலிருந்து வந்த வாடகைக் காரின் வில்லுப்பட்டை அவள் ஒரு காலை வைத்ததுமே முறிந்தது. நடக்கும்போது மட்டும் அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நடந்துகொண்டே இருந்தால் பூமி தாங்கும், ஓரிடத்தில் நின்றால் கால் புதைய ஆரம்பிக்கும். அதனால் வீட்டுக்குள் எப்போதும் ஏதாவது ஒரு வேலையாக அலைந்துகொண்டிருந்தாள். நெய்யூர்வரை நடக்கலாமே என்று யோசனை சொன்ன பக்கத்து வயல்காரர் பகவதியப்பனிடம், வலி வந்தால் எந்தப் பெண்ணும் நின்றுதான் ஆகவேண்டும், அப்போது என்னை எந்த ஆழத்திலிருந்து தோண்டி எடுப்பீர் என்று கேட்டாள். 

ஆறுமுகப்பெருமாள் மாட்டுத்தொழுவத்தில் ஒரு பக்கத்தை ஒழித்து மோட்டார் சைக்கிள் கட்டத் தொடங்கினான். நாலு சக்கரம் வரப்பில் ஓடாது, இரண்டு சக்கரம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் என்பது சின்னப்பிள்ளைக்கும் புரிகிற கணக்கு. பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது திருவனந்தபுரத்தில் இரண்டு சக்கரம் எடுத்தான். பழைய தண்ணீர்க்குழாயை வளைத்துச் சட்டம் செய்தான். பின்னிருக்கைக்கு அயனிமரப் பலகை. சாய்ந்துகொள்ள, வீட்டு நாற்காலி ஒன்றின் முதுகை அறுத்து வைத்தான். நாலாம் வருஷத்தில் வண்டியின் உடம்பு தயாராகிவிட்டது. எஞ்சின் மட்டும்தான் பாக்கி என்று அவன் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். உயிர் மட்டும்தான் பாக்கி என்பது போன்ற பேச்சு அது.

முதலில் ஒரு பட்டாளத்துப் பெட்ரோல் எஞ்சினைப் பூட்டிப் பார்த்தான். உலகம்மாளுக்குப் பதிலாகப் பின்பலகையில் ஆட்டுரலைக் கட்டினான். எஞ்சின் கீச்சென்று கத்திற்று, புகைந்தது, இருந்த இடத்திலேயே நின்று நடுங்கிற்று. போதாக்குறைக்குப் பெட்ரோலும் அப்போது கூப்பனுக்குத்தான் கிடைத்தது. வாசல்படியில் ஒரு காலும் முற்றத்துக் கல்லில் ஒரு காலுமாக மாறி மாறி நடந்தபடி பார்த்துக்கொண்டிருந்த உலகம்மாள், அது குதிரை ஜாதி என்றாள். ஓடும், இழுக்காது.

அவள் பிறந்த வீட்டில் காளை பார்ப்பது குடும்ப வழக்கம். வடசேரிச் சந்தையில் மாடு பிடிக்கப் போகிறவர்கள் முதலில் அவள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். சுழி எங்கே இருக்கிறது, பல் எத்தனை, சுமையேறியதும் முதுகை நெளிக்கிறதா என்றெல்லாம் அவளுக்கும் அத்துப்படி. ஆறுமுகப்பெருமாளும் பட்டாளத்துப் படிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு யோசித்தான். மெதுவாக அடித்தாலும் ஒவ்வொரு அடிக்கும் பலம் வேண்டும், தீனிக்குக் கூப்பன் கேட்கக்கூடாது, மண்ணெண்ணெயோ புன்னைக்காய் எண்ணெயோ எதைக் கொடுத்தாலும் தின்ன வேண்டும். அப்படியென்றால் டீசல் எஞ்சின்தான். மில்லிலும் தோட்டத்திலும் நிற்கிற அந்த ஒற்றைச் சிலிண்டர் ஜாதியை இரண்டு சக்கரத்தில் யாரும் ஏற்றியதில்லை என்பது அவனுக்குத் தெரியும். பத்து மாதத்துக்குமேல் யாரும் பிள்ளை சுமந்ததில்லை என்பது உலகம்மாளுக்கும் தெரிந்திருந்ததால், அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் டீசல் எஞ்சின் வடசேரியில் ஒரு சின்ன நெல்மில்லில் நின்றது. கிடாரிக்கன்று அளவு இருக்கும். மில்காரர் பெரிய எஞ்சின் வாங்கிவிட்டதால் இதை விற்றார். சிலிண்டரின் முதுகில் வார்ப்பு சுழித்து நல்ல இடத்தில் ஒரு சுழி விழுந்திருப்பதை ஆறுமுகப்பெருமாள் வந்து சொன்னான். உலகம்மாள் சம்மதித்தாள். அரவை எந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்த தோல்வாரும் கூடவே வந்தது. அதையே வெட்டித் தைத்து எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் மாட்டினான். ஆட்டுரலோடு வண்டி கிளம்பியது. டொக், டொக் என்று நிதானமான அடி. ஆறுமுகப்பெருமாளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வரப்பின் கடைசிவரை போய்த் திரும்பியவன், பின்னால் பகவதியப்பன் தலையில் கைவைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டான். மாசி மாதம், கும்பப்பூ நெல் முற்றி நிற்கிற நேரம். வண்டி போன வழியில் வரப்பின் இரண்டு பக்கமும் கதிரில் நின்றபடியே நெல்லெல்லாம் உமி நீங்கி அரிசியாகியிருந்தது. தவிடு தனியாக ஒரு பாத்தியில் குவிந்து கிடந்தது.

"என்னவே ஆறுமுகம், நெல்லு வெளஞ்ச எடத்துல அரிசியில்லா நிக்கி. வெதநெல்லுக்கு நான் எங்கவே போவேன்?" என்றார் பகவதியப்பன்.

"அறுத்து அப்பிடியே பொங்கிரும்வே. உமக்கு மில்லுக்குப் போற அலைச்சல் மிச்சம்" என்று ஆறுமுகப்பெருமாள் சொல்லிப் பார்த்தான். ஆனால் வழிநெடுக எல்லாருடைய விதைநெல்லையும் அரிசியாக்கிக்கொண்டு ஒரு மனிதன் நெய்யூர் போய்ச் சேர முடியாது. பகவதியப்பனுக்குத் தன் பத்தாயத்திலிருந்து விதை அளந்து கொடுத்துவிட்டு, எஞ்சினைக் கழற்றித் தொழுவத்தில் வைத்தான்.

இரண்டாவது எஞ்சின் பேச்சிப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தது. அதைக் கொண்டுவரவே ஒரு மழைக்காலம் முழுவதும் போயிற்று. அதையும் அதன் வாரோடுதான் வாங்கினான். அது நெல்லைத் தொடவில்லை. நன்றாக ஓடியது. அவன் இறச்சகுளம் தாண்டிய பிறகுதான், எதிரே வருகிறவர்கள் தன்னைப் பார்க்காமல் தன் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறார்கள் என்று கவனித்தான். திரும்பிப் பார்த்தால், கால்வாய்த் தண்ணீர் கரையேறி, ரோட்டின் அகலத்துக்கு, மீனும் தவளையுமாக அவன் பின்னால் வந்துகொண்டிருந்தது. அவன் நின்றால் அதுவும் நின்றது. அன்றைக்கு அந்தப் பகுதியில் வயலுக்குத் தண்ணீர் பாயவில்லை என்று பெரிய சச்சரவாகி, அவன் வந்த வழியே வண்டியை ஓட்டித் தண்ணீரைத் திரும்பக் கொண்டுபோய்க் கால்வாயில் விடவேண்டியதாயிற்று. இரண்டு பிள்ளைகளைத் தண்ணீரும் சேறும் வழிமறித்துப் பறிகொடுத்தவள் நான், மூன்றாவதுக்கும் தண்ணீரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று உலகம்மாள் சொல்லிவிட்டாள்.

மூன்றாவது, ஒரு டூரிங் டாக்கீஸில் விளக்குக்கு மின்சாரம் உண்டாக்கிய எஞ்சின். கம்பெனி கலைந்தபோது வாரோடு கிடைத்தது. அடி சுத்தம், புகை குறைவு. ஆறுமுகப்பெருமாள் நம்பிக்கையோடு கிளம்பினான். வெள்ளையடித்த சுவர் எதைக் கண்டாலும் அது நின்றுவிட்டது. நின்று, புகைபோக்கியிலிருந்து வரும் புகையால் அந்தச் சுவரில் ராஜாவும் ராணியும் கத்திச்சண்டையுமாகக் காட்டத் தொடங்கிவிடும். பாதியில் கொஞ்சம் ஓய்ந்து, கடலைமிட்டாய் விற்கிறவர்களுக்கு நேரம் கொடுத்து, மறுபடி தொடங்கும். கதை முடியாமல் நகராது. நெய்யூர் வழியில் சுங்கான்கடையிலிருந்து வெள்ளைச்சுவர் வைத்த கோயிலுக்கும் சர்ச்சுக்கும் கணக்கில்லை. நின்றால் புதைகிற ஒருத்தியை இந்த எஞ்சினில் ஏற்றுவது எப்படி என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. அதையும் தொழுவத்தில் சேர்த்தான். பகவதியப்பன் வீட்டுப் பெண்கள் மட்டும், மறுபடி எப்போது ஓட்டுவீர்கள் என்று கொஞ்சநாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்படி எட்டு வருஷம் போயிற்று. வயலில் ஒரு துண்டு கைமாறியிருந்தது. ஆறுமுகப்பெருமாளுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஒருநாள் அவன் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தி, டாக்டரையே இங்கே கூட்டிவந்து பார்க்கச் சொல்லலாமா என்றான். உலகம்மாள் முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தாள். கத்தியும் மயக்கமருந்தும் விளக்கும் மேசையும் வரப்பில் நடந்து வருமா என்று அவள் கேட்கவில்லை, அவனுக்கே தெரியும். அவன் மோரை ஊற்றிச் சோற்றைத் தின்று முடித்தான்.

1956 புரட்டாசியில் செசிலி வந்தாள். வழக்கம்போல் குழலை வைத்துக் கேட்டாள். வழக்கமில்லாமல் இன்னொரு தடவை கேட்டாள். பனங்கற்கண்டுப் பொட்டலத்தைக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள்.

"மக்கா, பிள்ளைக்க நெஞ்சு தளருது. நீ வேணும்னா இன்னும் ஒம்பது வருசம் சுமப்ப. அதுக்குப் பெலன் இல்ல. ஐப்பசி தாண்டாது, சொல்லிட்டேன்."

அன்றைக்கு ஆறுமுகப்பெருமாள் முற்றத்தில் நின்று மனைவியின் முகத்தை முதல்முறையாகப் பயத்தோடு பார்த்தான். அவள் முகத்தில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது. நேராகத் தொழுவத்துக்கு நடந்தாள். எஞ்சின்கள் மூன்றும் சாக்குப்போர்வையின் கீழ் மாடுகளுக்கு அடுத்தாற்போல வரிசையாக நின்றன. அவள் ஒவ்வொன்றாகச் சாக்கை விலக்கித் தடவிப் பார்த்தாள். நிற்க முடியாததால் சுற்றிச் சுற்றி வந்தாள். நெல்மில் எஞ்சினிடம் வந்ததும் அவள் கை வாரில் பட்டது.

"இது ஆருக்க கயிறு?"

"எஞ்சினுக்கு ஏதுட்டி கயிறு? அது பெல்ட்டு."

"அதத்தான் கேக்கேன். மில்லுல கெடந்ததா, நீங்க புதுசா வாங்கினதா?"

"மில்லுல உள்ளதுதான். நல்ல தோலு, எதுக்குக் களையணும்னு..."

சொல்லி முடிக்குமுன் அவனுக்கே விளங்கிவிட்டது. நாஞ்சில்நாட்டில் காளை விற்கிறவன் கயிற்றைக் கொடுக்கமாட்டான். பேரம் படிந்ததும் விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வான், வாங்கியவன் தான் கொண்டுவந்த புதுக்கயிற்றை மாட்டுவான். பழைய கயிற்றோடு வந்த மாடு பழைய தொழுவத்தின் நினைப்பிலேயே இருக்கும், பழைய வேலையையே செய்யும், பாதை தெரிந்தால் திரும்பிப் போய்விடும். ஆறுமுகப்பெருமாளுக்கு இது நடக்கத் தெரிந்த நாள்முதல் தெரியும். காளைக்குச் சுழி பார்ப்பதுபோல எஞ்சினுக்குச் சுழி பார்த்தவன், கயிற்றை மட்டும் மறந்து, மூன்று தடவை மூன்று வீட்டு நினைப்பை வாரோடு சேர்த்து வாங்கி வந்திருக்கிறான். பட்டாளத்தில் இந்தப் பாடத்தை யாரும் நடத்தவில்லை. அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அடிச்சுக்கிடுகத பொறவு அடிச்சுக்கிடலாம். இதுதான் இழுவை. மத்த ரெண்டும் ஆட்டம். கயிறக் கொண்டு குடுத்துட்டு வாங்கோ" என்றாள் உலகம்மாள்.

வடசேரி மில்காரர் வாரை வாங்கிக்கொண்டு, எதற்கு, ஏன் என்று ஒன்றும் கேட்காமல் சுவரில் ஆணியில் மாட்டினார். இத்தனை வருஷம் கழித்தாவது கொண்டுவந்தாயே என்று மட்டும் சொன்னார். உலகம்மாள் கற்றாழைநார் வாங்கிவரச் சொல்லி, அடுக்களைக்கும் முற்றத்துக்கும் நடந்துகொண்டே, பட்டையாக ஒரு கயிறு பின்னினாள். காளைக்கு மூக்கணாங்கயிறு திரிக்கிற அதே பின்னல், அகலம்தான் அதிகம். உள்ளங்கை பிளந்து ரத்தம் வந்தபோது துணியைச் சுற்றிக்கொண்டு பின்னினாள். பின்னி முடிந்ததைப் புன்னைக்காய் எண்ணெயில் ஊறவைத்தார்கள். வந்த பாதை மறக்கட்டும் என்று எஞ்சினைக் கம்பில் கட்டி ஆட்கள் சுமந்து, ஊரைச் சுற்றி வேறு வழியாகக் கொண்டுவந்து, முற்றத்தில் இறக்கித் தண்ணீர் விட்டுக் கழுவி, மஞ்சள் தடவி, புதுக்கயிற்றை மாட்டினார்கள். புதுமாடு இரண்டொரு நாள் தீனி தின்னாது. அதுவும் டீசலைத் தொடவில்லை. ஊற்றியதை அப்படியே கக்கியது. ஆறுமுகப்பெருமாள் கெஞ்சினான், ஏசினான், கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டை வீங்கிற்று. கடைசியில் கயிறு ஊறின எண்ணெயை வடித்துக் கொடுத்தபோது ஒரு இருமல் இருமி, மெதுவாக அடிக்க ஆரம்பித்தது. வரப்பின் கடைசிவரை போய்வந்தான். இந்த முறை நெல் நெல்லாகவே நின்றது. பகவதியப்பன் ஒரு கதிரை உருவி நகத்தால் கிள்ளிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த ஐப்பசி பதினாறு, நவம்பர் ஒன்றாம் தேதி. தென் திருவிதாங்கூர் தாலுகாக்கள் மதராஸ் ராஜ்யத்தோடு சேருகிற நாள். விடிந்ததிலிருந்து மழை. உலகம்மாள் தலைமுழுகி, புதுச்சேலை உடுத்தி, கதவைச் சாத்திவிட்டு வந்து, "இண்ணைக்கு ஆகட்டு" என்றாள். அவள் சொல்வதற்காகவே ஒன்பது வருஷம் காத்திருந்தது போல, வலி அந்த நிமிஷமே கண்டது. அவள் பின்பலகையில் ஏறினாள். சட்டம் முனகியது. எஞ்சினின் அடி ஒருமுறை தாழ்ந்து, பிறகு பிடித்துக்கொண்டது. கால்வாய் நிரம்பி வரப்பின்மேல் வழிந்துகொண்டிருந்தது. முன்சக்கரம் போகுமிடத்தில் வரப்பு இருந்தது, பின்சக்கரம் கடந்த இடத்தில் வரப்பு அமிழ்ந்து தண்ணீர் மூடிக்கொண்டது. நிறுத்தினால் முடிந்தது. ஆறுமுகப்பெருமாள் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் இடுப்பை அவள் கை இறுக்கும்போதெல்லாம், இறுக்கத்தின் அளவுக்கு எண்ணெய் கொடுத்தான்.

வடசேரியில் ஊர்வலம். கொடியும் மேளமும் கோஷமுமாக ரோடு முழுக்க ஜனம். அவன் தொண்டை கிழியக் கத்தினான், மேளத்தில் அது கேட்கவில்லை. ஆனால் எஞ்சினின் அடி கேட்டது. இப்படி நிதானமாக அதிர்ந்து வருவது கொண்டாட்டத்தில் ஒரு பகுதியாகத்தான் இருக்கவேண்டும் என்று ஜனங்கள் விலகி, இரண்டு பக்கமும் நின்று கைதட்டினார்கள். சிலர் மாலை போட்டார்கள். உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டாள். பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி என்று ஒவ்வொரு ஊரிலும் இதுவே நடந்தது. திங்கள்சந்தையைத் தாண்டும்போது வண்டியில் இரண்டு பேர் இருப்பது தெரியாத அளவுக்குப் பூ. பூதப்பாண்டியிலிருந்து நெய்யூர்வரை ரோட்டில் விரற்கடை ஆழத்துக்கு ஒரு ஒற்றைத்தடம் பதிந்தது. பழைய சர்க்கார் விட்டுப்போன குறை என்று நினைத்துப் புதிய சர்க்கார் அதைப் பிற்பாடு ஜல்லி போட்டு மூடிற்று.

ஆஸ்பத்திரி நடையில் செசிலி நின்றிருந்தாள். உலகம்மாள் இறங்கி நிற்காமல் உள்ளே நடந்தாள். கதவு மூடியது. ஆறுமுகப்பெருமாள் மழையில் வண்டியின் மேலேயே இருந்தான். எஞ்சினை அணைக்கவில்லை. ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து சொல்லிப் பார்த்தார்கள். அவன் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. எண்ணெய் தீரத் தீர, கட்டித் தொங்கவிட்டிருந்த குடுவையிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். கம்பளிக் கோட்டு மழையில் ஊறிக் கனத்தது. மாலையெல்லாம் நைந்து இதழ் இதழாக வழிந்து தரையில் கிடந்தது. கதவு திறந்து செசிலி வெளியே வந்தாள். கைகளை முழங்கைவரை கழுவியிருந்தாள்.

"தம்பி, அத நிப்பாட்டு."

"நிப்பாட்ட மாட்டேன்."

"நிப்பாட்டுன்னா."

"ரெண்டு தடவ இந்தக் கதவுக்கு வெளிய நிண்ணு காதக் குடுத்துக் கேட்டவன் நான், சிஸ்டர். ஒரு சத்தமும் வரல்ல. இனி என்னால கேக்க முடியாது. இது ஓடட்டு."

செசிலிக்குக் கோபம் வந்தது. அவள் மழையில் இறங்கி வந்து, மில்லுகளில் பார்த்திருந்ததை வைத்து, அவன் கையைத் தட்டிவிட்டு அணைக்கிற நெம்புகோலை மேலே தூக்கினாள். எஞ்சின் இரண்டு அடி அடித்து நின்றது. மழைச்சத்தம் மட்டும் இருந்தது. அதற்குள்ளிருந்து, ரொம்ப நேரமாக அழுதுகொண்டிருக்கிற ஒரு பிள்ளையின் குரல், தொண்டை கட்டிப்போய், எரிச்சலோடு, விடாமல் வந்தது. ஆறுமுகப்பெருமாள் கைப்பிடியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். எவ்வளவு நேரமாக என்று அவன் கேட்டான். எவ்வளவு நேரமோ, உனக்கும் கேட்கவேண்டும் என்றுதான் அது நிறுத்தாமல் அழுகிறது என்று செசிலி சொன்னாள்.

பெண்பிள்ளை. தராசில் வைத்தபோது மற்ற பிள்ளைகள் இருக்கும் எடைதான் இருந்தது. முடி மட்டும் இடுப்புவரை வளர்ந்திருந்தது, மேல்வரிசையில் நான்கு பல் முளைத்திருந்தது. தாணம்மாள் என்று பேர் வைத்தார்கள். கனம் எங்கே போயிற்று என்று யாரும் தேடவில்லை. உலகம்மாள் வீடு திரும்பிய அன்று வாசலில் நின்றாள். கொஞ்சநேரம் சும்மா நின்றாள். கால் புதையவில்லை என்று தெரிந்ததும் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு இன்னும் கொஞ்சநேரம் நின்றாள். ஆறுமுகப்பெருமாள் வண்டியைத் தொழுவத்தில் மாடுகளுக்குப் பக்கத்தில் நிறுத்திச் சாக்கைப் போர்த்தினான்.

அந்த வண்டி அதற்குப் பிறகு சும்மா கிடக்கவில்லை. வயலுக்கு நடுவில் இருந்த வீடுகளில் எந்தப் பெண்ணுக்கு வலி கண்டாலும் ஆள் வரும், ஆறுமுகப்பெருமாள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவான். மார்கழியில் பகவதியப்பனின் மருமகள் விக்டோரியாவுக்கு நாளாகிவிட்டது என்று சொல்லியனுப்பினார்கள். அன்று பார்த்துப் பின்சக்கரத்தில் ஆரக்கால் ஒடிந்திருந்தது. கொட்டாரத்துக் கொல்லனிடம் கொடுத்திருக்கிறது, வர அடுத்த வாரம் ஆகும் என்று ஆறுமுகப்பெருமாள் பதில் சொன்னான். விக்டோரியா சரி, வண்டி வரட்டும் என்று சொல்லிவிட்டு, நனைத்துப் போட்டிருந்த உளுந்தை ஆட்டப் போனாள்.